கல்வெட்டு ரீச்சருக்கு வராமற்போன வரி

புத்தூரில் முன்பள்ளி நடத்தும் தயாளினியைச் சின்னப் பிள்ளைகளின் தாய்மார் ‘ரீச்சர்’ என்று கூப்பிடுவார்கள். ஊரில் மற்ற எல்லாருக்கும் அவள் ‘கல்வெட்டு ரீச்சர்’.

ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடக்கும்போது, வந்தவர்கள் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, சில தேவாரங்கள், பிறகு மனைவியும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் புலம்புவதாகப் பாட்டுகள். அந்தப் புத்தகத்துக்குப் பெயர்தான் கல்வெட்டு. அழுதுகொண்டிருக்கிறவர்கள் பாட்டு எழுதமாட்டார்கள். அவர்களுக்காக வேறு ஒருவர் எழுதவேண்டும். வலிகாமத்தின் இந்தப் பக்கத்தில் அதை எழுதுகிறவள் தயாளினி.

அவள் இதற்குள் வந்தது தற்செயலாகத்தான். மாமனார் இறந்த நேரம் வழக்கமாக எழுதுகிற வாத்தியார் காய்ச்சலில் படுத்துவிட்டார். “நீர் புத்தகங்கள் வாசிக்கிறனீர்தானே, நாலு வரி எழுதிப் பாருமன்” என்று கணவன் வாகீசன் சொன்னான். அவள் எழுதினாள். வெங்காயத் தோட்டத்துத் தறைக்குள் இறங்குமுன் செருப்பைக் கழற்றி வரம்பில் சோடியாக வைக்கும் மாமனாரைப் பற்றி எழுதினாள். செத்தவீட்டிலும் எட்டாம் நாள் படைக்கும் எட்டுச்செலவிலும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மாமியார், அந்தச் செருப்பு வந்த இடத்தை வாசித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு எழும்பி உள்ளே போனார். அச்சகம் வைத்திருக்கும் தனோஜன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த மாதமே வேறொரு கல்வெட்டு எழுதச்சொல்லித் தேடி வந்துவிட்டான்.

அந்த நாட்களில் பாட்டு அவளுக்குத் தானாக வரும். இறப்பு நடந்த வீட்டுக்குப் போய் ஒரு கதிரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவாள். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, கிணற்றடியில் உடுப்புக் கும்மும்போது ஒரு வரி வந்து நிற்கும். ஈரக்கையோடு ஓடிவந்து, “வந்திட்டுது” என்பாள். “சரி, அப்ப கறியை நான் பாக்கிறன்” என்று வாகீசன் குசினிக்குள் போவான். அவர்கள் வீட்டில் அது ஒரு நடைமுறையாகவே இருந்தது.

பிறகு எல்லாம் போனுக்குள் வந்தது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் விபரங்களை நேரே தனோஜனுக்கு அனுப்புவார்கள். அவன் அவளுக்குத் தட்டிவிடுவான். பெயர், ஊர், தொழில், பிள்ளைகள், மருமக்கள். வீட்டுக்குப் போகவேண்டிய தேவை இல்லாமற்போனது. பஸ்ஸில் இருந்தபடியே ஒரு புலம்பலை முடித்துவிடலாம். எழுதுவது இலகுவாகிவிட்டது. தான் தேர்ந்துவிட்டதால்தான் இலகுவாகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அச்சுவேலியில் நடந்த ஓர் அந்தியேட்டியில்தான் அது உடைந்தது. சாப்பாடு முடிந்து, பந்தலுக்குக் கீழே ஆட்கள் அவள் எழுதிய கல்வெட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். கஜானி என்ற பெண் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள். அதற்கு முந்தின வருடம் அவளுடைய தாய்க்குத் தயாளினிதான் எழுதியிருந்தாள்.

“ரீச்சர், ஒரு விசயம் கேக்கட்டே? கோவிக்கக்கூடாது.”

“கேளும்.”

“உதிலை ‘முற்றத்து மல்லிகையும் முகம்வாடிப் போனதம்மா’ எண்டு ஒரு வரி கிடக்கு. எங்கடை அம்மாவுக்கும் உதே வரிதான் எழுதினனீங்கள்.”

தயாளினி கையிலிருந்த கல்வெட்டைப் புரட்டி அந்த வரியைத் தேடினாள்.

“எங்கடை வீட்டிலை மல்லிகை நிக்குது ரீச்சர். அம்மா வைச்சது. நான் அந்த வரியை வாசிச்சு வாசிச்சு அழுதனான். அது எங்கடை அம்மாவுக்கு மட்டும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்.” கஜானியின் குரலில் கோபம் இல்லை. அவள் முற்றத்தைத் திரும்பிப் பார்த்தாள். வேலியில் இருந்து வாசல் வரைக்கும் சீமெந்து போட்டிருந்தது. அதன்மேல் மோட்டார்சைக்கிள்கள் வரிசையாக நின்றன. “இந்த வீட்டிலை மல்லிகையே இல்லை.”

“உமக்குப் புதுசா ஒண்டு எழுதித் தரட்டே?” என்று தயாளினி கேட்டாள். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு மடத்தனமான கேள்வி என்று பட்டது.

“வேண்டாம் ரீச்சர். அது இப்ப எங்கடை அம்மான்ரை. இனி வேறை ஒருத்தருக்கும் குடுக்காதையுங்கோ. அது காணும்.”

வீட்டுக்கு வந்து, அலுமாரியில் இருந்த தன் கல்வெட்டுகளையெல்லாம் எடுத்து நிலத்தில் பரப்பி வாசித்தாள். மல்லிகை வீட்டுக்கு வீடு வாடியிருந்தது. அணையாத விளக்குகள் அணைந்திருந்தன. தாய்மனம் என்ற சொல் இல்லாத தாய் ஒருத்தியும் இல்லை. பழைய புத்தகங்களில் மட்டும் அங்கங்கே ஓர் ஆள் நின்றார். செருப்பைச் சோடியாக வைத்த மாமனார், பஸ்ஸில் சீற் கிடைத்தாலும் நின்றுகொண்டே போகும் ஓர் ஓவசியர், சிரிப்பு வந்தால் முகத்தை மூடும் ஒரு தமக்கை. பிறகு வந்தவற்றில் ஆட்கள் இல்லை. பெயர்களை மாற்றிப் போட்டாலும் ஒன்றும் குழம்பாது.

அதோடு அவளுக்கு எழுத்து நின்றுபோனது.

தாளை எடுத்து வைத்துக்கொண்டு இருப்பாள். ஒரு வரி எழுதுவாள், அது முன்பு எங்கோ எழுதியது என்று தெரியும், வெட்டுவாள். நல்லூருக்குப் போய்க் கும்பிட்டாள். தேவாரப் புத்தகத்தை எடுத்துக் கண்ட பக்கத்தை விரித்தாள். கிணற்றடியில் வேண்டுமென்றே நேரம் எடுத்து உடுப்புக் கும்மினாள். ஒன்றும் வரவில்லை. அதை இழந்துவிட்டோம் என்பதைவிட, அது எப்போதாவது தன்னிடம் உண்மையாக இருந்ததா என்ற சந்தேகம்தான் அவளை அரித்தது.

“வராட்டி விடுமன்,” என்றான் வாகீசன். “உமக்கென்ன, முன்பள்ளி கிடக்கு, தோட்டம் கிடக்கு. நீர் எழுதாட்டிச் சனம் சாகாமல் விடப்போகுதே?”

அவள் மனதை இலேசாக்கத்தான் அவன் சொன்னான். அவள் அன்றைக்கு அவனோடு கதைக்கவில்லை.

தனோஜனிடம் தன்னால் ஏலாது என்று சொன்னபோது அவன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. “ரீச்சர், ஆர் இப்ப பாட்டை வாசிக்கினம்? படத்தைப் பாத்திட்டு மூடி வைக்குதுகள். போனிட்டைக் கேட்டாலே எழுதித் தருது.”

“அப்ப அதிட்டையே கேளும்.”

அவன் சிரித்தான். ஆனால் கேட்கவும் செய்தான். அப்படி வந்த ஒரு கல்வெட்டு பிறகு அவள் கையில் கிடைத்தது. ஓசையில் பிழையில்லை, எழுத்தில் பிழையில்லை. அதிலும் ஒரு மல்லிகை இருந்தது.

சிவகௌரி வந்தது அப்படியான ஒரு காலத்தில். மயிலிட்டியில் இருந்து பஸ் ஏறி வந்திருந்தாள், வயது ஐம்பதுக்குக் கிட்ட. தாய் பராசக்தி இறந்து எட்டுச்செலவு முடிந்திருந்தது. விறாந்தைக் கதிரையின் விளிம்பில் இருந்துகொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னாள்.

“ரீச்சர், எங்களுக்குள்ளை ஒரு பிரச்சினை. நாங்கள் மூண்டு பேர். பிரான்சிலை பெரியண்ணை, பிறகு நான், பிறகு தம்பி ரூபகாந்தன். தம்பி கடைசிச் சண்டையிலை வன்னியிலை சனத்தோடை சனமா எங்களுக்குப் பின்னாலை வந்துகொண்டிருந்தவன். திரும்பிப் பாக்கேக்கை இல்லை. இண்டைக்கு வரைக்கும் ஒரு தகவலும் இல்லை.”

தயாளினி தலையை ஆட்டினாள். அந்த ஊர்களில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

“பெரியண்ணை சொல்லுறார், கல்வெட்டிலை ‘காலஞ்சென்ற ரூபகாந்தன்’ எண்டு போடட்டாம். எத்தினை வருசம் போட்டுது, அம்மாவோடை சேத்து இதையும் முடிப்பமாம். அவரிலையும் பிழையில்லை ரீச்சர், அவரும் தேடிக் களைச்சவர். ஆனா அம்மா ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொல்லேல்லை. அதுக்காக, உயிரோடை இருக்கிற பிள்ளையளுக்கை சேத்து அவனையும் அழப் பண்ணி எழுதலாமே? அதுவும் பொய்தானே? அவனுக்கு அம்மா செத்ததே தெரியாது.”

“பிள்ளை, நான் இப்ப எழுதுறதில்லை. எழுத வருகுதில்லை.”

“ஓம், தனோஜன் அண்ணையும் சொன்னவர்.” அவள் எழும்பினாள். “பழசிலை எடுத்துப் போடுறதெண்டா எனக்கும் வேண்டாம். ஏலாட்டிப் பேரையும் திகதியையும் மட்டும் போடுறம். ஆனா ஒருக்கா வீட்டை வந்து அம்மான்ரை படத்தையெண்டாலும் பாருங்கோ.”

படத்தைப் பார்க்கப் போவதற்கு எழுத வரத் தேவையில்லை. தயாளினி போனாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, கல்வெட்டுக்காக ஒரு வீட்டுக்கு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனது அன்றைக்குத்தான்.

அந்தக் குடும்பம் தொண்ணூறில் இடம்பெயர்ந்து, முகாமும் வன்னியுமாக அலைந்து, இராணுவம் பிடித்திருந்த காணி விடுபட்ட பிறகு மயிலிட்டிக்குத் திரும்பியிருந்தது. வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. வெளிச்சுவர் இன்னும் பூசப்படவில்லை. கடல் சத்தம் கறிச்சட்டிக்குள்ளேயே கேட்கிற மாதிரி அவ்வளவு கிட்ட. தயாளினி படத்தைப் பார்த்தாள். எல்லாத் தாய்மாரையும் போல ஒரு தாய். மனதில் உடனே ‘தாய்மனம்’ என்ற சொல் வந்து நின்றது. அவள் அதைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

“அம்மா தம்பியைப் பற்றி என்ன கதைக்கிறவ?”

“என்ன கதைக்கிறதோ? இருக்கிற பிள்ளையைப் பற்றிக் கதைக்கிற மாதிரித்தான். ‘அவனுக்கு இப்ப வயிறு முன்னுக்குத் தள்ளி வண்டி வைச்சிருக்கும், அப்பான்ரை வழி’ எண்டுவா. ‘முன்னுக்கு மயிர் கொட்டியிருக்கும்’ எண்டுவா. அவன்ரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் உடுப்புக் கடையிலை ஒரு சேட்டு எடுப்பா. போகேக்கை இருந்த அளவிலை இல்லை. வரவரப் பெரிசா எடுப்பா. ஒருக்காக் கடைக்காரப் பெடியன் கேட்டான், ‘ஆச்சி, மகன் எவ்வளவு மொத்தமான ஆள்?’ எண்டு. அம்மா சிரிச்சுச் சிரிச்சுக் கையாலை காட்டினா, இவ்வளவு எண்டு.”

“அந்தச் சேட்டுகள் எங்கை?”

“வைச்சிருக்கமாட்டா. புதுசு எடுத்தவுடனை பழசைத் துறைமுகத்திலை ஆருக்காவது குடுத்திடுவா. ‘போன வருசத்துச் சேட்டு இனி எப்பிடி அவனுக்குக் காணும்?’ எண்டுவா.”

சிவகௌரி அவளைத் துறைமுகப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். காலை மீன் ஏறி முடிந்து, வள்ளங்கள் ஓய்ந்து கிடந்தன. வலைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு மனிதரைத் தூரத்தில் நின்று காட்டினாள். நீலக் கோடு போட்ட சேட்டு, தோளில் சற்றுத் தொய்ந்திருந்தது.

“உவர் எமில்ராஜ் அண்ணை. உது தம்பியின்ரை சேட்டு. போன வருசம் எடுத்தது.”

அந்த மனிதர் தலை நிமிர்ந்து கையைக் காட்டினார். சிவகௌரியும் காட்டினாள். இனி எழுதிவிடலாம் என்று அந்த நிமிடம் தயாளினி நம்பினாள்.

ஆனால் வரவில்லை. முந்தின நாட்களைப் போல வீட்டுக்கு வந்து ஒரு நாள் பார்த்தாள், இரண்டு நாள் பார்த்தாள். கிணற்றடி சும்மா இருந்தது. இவ்வளவு கிடைத்தும் வராவிட்டால் இனி எதற்கு வரப்போகிறது என்று ஒரு முறை அழுதும் விட்டாள். பிறகு, வந்தால் எழுதுவது என்றிருந்ததை விட்டுவிட்டாள். ஒவ்வொரு நாளும் காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு, முன்பள்ளிக்கு வெளிக்கிடும் வரைக்கும் மேசையில் இருப்பது என்று வைத்துக்கொண்டாள். வந்தாலும் வராவிட்டாலும் இருப்பது.

அது இனிப்பான வேலையாக இருக்கவில்லை. முதல் நாள் எழுதியதில் தாய்மனம் இருந்தது. வெட்டினாள். அடுத்த நாள் கடலைக் கொண்டுவந்து அழ வைத்தாள். மயிலிட்டிக் கடலுக்கு வேறு வேலை இருக்கிறது என்று அதையும் வெட்டினாள். தம்பி எங்கிருந்தோ பேசுவதாக ஒரு நாள் எழுதினாள். ஓசை அழகாக விழுந்தது. ஆனால் அவன் எங்கிருந்து பேசுகிறான்? எழுதினவுடன், இருக்கிறான் என்றோ இல்லை என்றோ அவனுக்கு ஓர் இடம் கொடுத்தாகிவிடுகிறது. அழகாக இருந்ததால் வெட்டக் கை வரவில்லை. இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு வெட்டினாள். நடுவில் ஒருமுறை சிவகௌரிக்குப் போன் எடுத்து, அம்மா சேட்டு எடுக்கும்போது சிரிப்பாவா, அழுவாவா என்று கேட்டாள். “அழுறதோ? சேட்டு எடுக்கேக்கை அம்மா நல்ல சந்தோசமா இருப்பா ரீச்சர்.” சரி, அப்படியானால் பாட்டிலும் அழக்கூடாது.

வாகீசன் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் குசினிப் பக்கம் சட்டிகளைச் சத்தம் வராமல் வைக்கப் பழகிக்கொண்டான்.

ஒரு காலை, நேரம் போய்விட்டதே என்று எழும்பப் போனவள், தாளின் ஓரத்தில் ஒரு கேள்வியை எழுதிவிட்டுப் போவோம் என்று எழுதினாள். அம்மா இல்லாமல் இனித் தம்பியின் அளவு யாருக்குத் தெரியும்? அது பாட்டுக்கென்று எழுதியது இல்லை, தனக்கு விளங்காத ஒன்றைக் குறித்து வைத்தது. மத்தியானம் திரும்பி வந்து பார்த்தபோது, சொல்லவேண்டியது அது மட்டும்தான் என்று தெரிந்தது. அதற்கு மேலே மூன்று வரிகளை வைக்க இன்னும் சில காலைகள் எடுத்தன. உளறல்களை நீக்கி நீக்கிக் கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

ஆண்டுக்கொரு சட்டை எடுத்தாய் அம்மா – அவன்
அளவு பெருத்ததென்று சிரித்தாய் அம்மா
தாண்டியது நாற்பதென்று சொன்னாய் அம்மா – இனித்
தம்பி அளவை யார் அறிவார் அம்மா

சிவகௌரி வந்து வாசித்தாள். ஒருதரம் வாசித்துவிட்டுத் தாளை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்துப் பிரான்சுக்கு அடித்தாள். “நீங்களே வாசியுங்கோ ரீச்சர். எனக்கு ஏலாது.”

தயாளினி வாசித்தாள். இணைப்புப் போய்விட்டதோ என்று அவள் போனை விலக்கிப் பார்த்தபோது, பெரியண்ணையின் குரல் கேட்டது.

“ரீச்சர், அம்மா சேட்டு எடுக்கிறது எனக்குத் தெரியாது. கௌரி எனக்குச் சொல்லேல்லை.”

“சொன்னா நீங்கள் அம்மாவை ஏசுவியள் எண்டு பயந்தனான் அண்ணை,” என்றாள் சிவகௌரி.

“ஏசியிருப்பன்தான்,” என்று ஒத்துக்கொண்டார் அவர். “அவனுக்கு அப்பான்ரை வண்டிதான் வரும். அது எனக்கே வந்திட்டுது.” அவர் சிரித்தாரா அழுதாரா என்று போனில் தெரியவில்லை. “ரீச்சர், பிள்ளையளின்ரை பேர் போடுற இடத்திலை அவன்ரை பேரைச் சும்மா போடுங்கோ. முன்னுக்கு ஒரு சொல்லும் வேண்டாம்.”

கீரிமலையில் கிரியை முடிந்து வீட்டில் பந்தி வைத்த அன்று கல்வெட்டு எல்லார் கையிலும் போனது. பிள்ளைகள் பெயர்களில் மூன்றாவதாக ‘ரூபகாந்தன்’ என்று மட்டும் இருந்தது, மற்ற இரண்டு பேரையும் போல. எமில்ராஜ் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கத்தை வாசித்தார். அவர் குருநகரில் பிறந்து மயிலிட்டியில் கலியாணம் கட்டிய வேதக்காரர். அன்றைக்கு வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். வாசித்து முடித்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு தயாளினியிடம் வந்தார்.

“ஆச்சி எனக்குச் சேட்டைத் தரேக்கை, ‘உது பழைய சேட்டு, கோவிக்காதை’ எண்டுதான் தந்தவ. ரூபகாந்தனுக்கு எடுத்ததெண்டு சொல்லேல்லை. நான் அதைக் கடலுக்குப் போட்டுக்கொண்டு போறனான். இனி என்னண்டு போடுறது?”

“போடுங்கோ அண்ணை,” என்றாள் தயாளினி. “அவவுக்கு அது பழசுதான்.”

அந்தப் பாட்டுக்குப் பிறகு எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். கிணற்றடியில் வரி வந்து நிற்கிற நாட்கள் அவளுக்குத் திரும்பவில்லை. இனித் திரும்பும் என்று அவள் பார்த்துக்கொண்டிருப்பதும் இல்லை. தனோஜனிடம் இரண்டு விடயங்கள் சொல்லிவிட்டாள். வீட்டுக்குப் போகாமல் எழுதமாட்டாள். அவசரம் என்றால் வேறு ஆளைப் பார்க்கவேண்டும். அவன் முணுமுணுத்தான். பாதிப் பேர் அவசரக்காரர்தான். மிச்சப் பேருக்கு அவள் எழுதுகிறாள். காலைகளில் மேசையில் இருக்கிறாள். சில கல்வெட்டுகளில் ஒரு வரிதான் உயிரோடு தேறுகிறது, மற்றவை வெறும் ஓசை. எது எதுவென்று அவளுக்குத் தெரியும். முந்தி அது தெரியாமல் இருந்தது.

இந்த மாரிக்கு அளவெட்டியில் ஒரு வயதான மனிதர் இறந்தார். லண்டனில் இருந்து வந்திருந்த மகள், அப்பாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை என்றாள். “அவர் ஒருத்தரோடையும் பெரிசாக் கதைக்கமாட்டார் ரீச்சர். காலமை எழும்புவார், பேப்பர் பாப்பார், படுப்பார். அவ்வளவுதான்.” சொல்லும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தயாளினி அந்த மனிதர் வழக்கமாகப் பேப்பர் பார்க்கும் இடத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, மழை யன்னலில் அடிக்கிறதைப் பார்த்தபடி ஒரு மத்தியானம் முழுக்க இருந்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. மகள் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, நாளைக்கும் வாறன் பிள்ளை என்று சொல்லிவிட்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டாள்.